சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறா? கரீபியன் வீடுகளில் வாழைக்காய்

வடக்குவாசல்:

நியூயார்க்கில், மன்ஹாட்டனின் வடபுறத்தில் உள்ள வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிக்குக் குடிவந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சுற்றிலும் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த குடும்பங்கள். தெருமுனைக் கடையில் வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் முன்னால் வாழைக்காய்தான் குவிந்திருக்கிறது. பச்சை ஒரு குவியல், மஞ்சள் ஒரு குவியல், தோல் கறுத்தது ஒரு குவியல். கறுத்ததைக் கழிவு விலைக்குக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன். மூன்றுக்கும் ஒரே விலை.

சென்ற சனிக்கிழமை பச்சைக் காய் இரண்டு வாங்கி, வில்லைகளாக நறுக்கி, மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் பிசறி வறுத்தேன். அந்த நேரம் எதிர்வீட்டுப் பாட்டி தன் பேத்தியோடு வந்தார். சோறு, பருப்பு, வறுவல் என்று ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தேன். பாட்டி வறுவலை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றார், காரத்துக்குத் தண்ணீர் குடித்தார், பிறகு பேத்தியின் காதில் ஏதோ கேட்டார். பேத்தி ஆங்கிலத்தில் சொன்னதை நம் மொழியில் வைத்தால் இப்படித்தான் வரும்: “சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறா?”

ஒரு வாரமாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நமக்கு வாழைக்காய் என்றால் கறி, பொரியல், பஜ்ஜி, வறுவல். அவர்களுக்கு அது என்ன? கரீபியன் குடும்பங்களோடு பழகியவர்கள், அவர்கள் அடுப்படியைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். எனக்குச் சமைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

---

மண்வெட்டி:

முதலில் காயைச் சரியாக அடையாளம் கண்டுகொள்வோம். தமிழில் பழுக்காத எந்த வாழைக்கும் ‘வாழைக்காய்’ என்ற ஒரே சொல்தான். டொமினிக்கன் குடியரசிலும் புவெர்ட்டோ ரிக்கோவிலும் இரண்டு சொற்கள். நீளமாய், முனை கூர்த்து, தோல் தடித்து இருப்பது பிளாத்தனோ. நாம் பழமாகத் தின்னும் வகையின் காய் கினேயோ. ஹெய்ட்டியில் ‘பனன்’ என்று கேட்டால் பிளாத்தனோதான் கிடைக்கும். தின்னும் பழத்துக்கு அங்கே ‘ஃபிக்’ என்று பெயர்.

நம் கடையில் கறிக்கு வாங்கும் மொந்தன் வேறு வகை. பிளாத்தனோவுக்கு நம்மிடம் உள்ள உண்மையான உடன்பிறப்பு நேந்திரன். வாழையின் இரண்டு காட்டு மூதாதைகளை ஏ, பி என்று குறிப்பார்கள். இரண்டும் ஏஏபி மரபுத்தொகுப்பில் ஒரே உட்குழுவைச் சேர்ந்தவை. மொந்தன் ஏபிபி. அதற்கு நெருங்கிய சொந்தமும் கரீபியனில் உண்டு. டிரினிடாட்டில் அதை மொக்கோ என்பார்கள். அங்கே அந்த வாழையை வாரிக்கொண்டுபோன வாடல் நோய்க்கு இன்றும் உலகமெங்கும் ‘மொக்கோ நோய்’ என்றே பெயர்.

மூன்று குவியலுக்கு ஒரே விலை என்றீர்களே, அதில்தான் செய்தி இருக்கிறது. பச்சையில் பெரும்பகுதி மாவுச்சத்து. பழுக்கப் பழுக்க அது சர்க்கரையாக மாறுகிறது. ஆகவே பச்சை கிழங்கைப் போல நடந்துகொள்ளும், கறுத்தது இனிப்புப் பண்டமாகிவிடும். வாங்குகிறவருக்கு அவை மூன்று வெவ்வேறு பொருள்கள். கறுத்ததை யாரும் கெட்டுப்போனதாகப் பார்ப்பதில்லை.

---

தாழ்வாரம்:

நான் ப்ராங்க்ஸில் ஒரு மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். பாட்டி கேட்டது மிகச் சரியான கேள்வி. டொமினிக்கன் வீடுகளில் பிளாத்தனோ, மரவள்ளி, சேம்பின் உறவான யௌத்தியா, யாம் கிழங்கு எல்லாவற்றையும் சேர்த்து ‘வீவெரெஸ்’ என்பார்கள். அந்தச் சொல்லின் வேர் ‘வாழ்தல்’. புவெர்ட்டோ ரிக்கோவில் அதையே ‘வியாந்தாஸ்’ என்பார்கள், அதற்கும் அதே வேர்தான். ஹெய்ட்டிக்காரர்கள் ‘வீவ்’ என்பார்கள். வாழவைப்பது எதுவோ அதற்கு அந்தப் பெயர். நம் பேச்சில் ‘சோறு’ என்பது உணவு முழுவதையும் குறிப்பதுபோல.

என்னோடு பணிபுரியும் புவெர்ட்டோ ரிக்கோ தோழி ஒருத்தி டிசம்பரில் தன் அம்மா வீட்டுக்கு என்னை அழைத்துப் போனாள். அன்று பஸ்தெலெஸ் செய்யும் நாள். கிறிஸ்துமஸுக்கு அது இல்லாமல் அந்த வீடுகளில் விருந்து கிடையாது. பச்சைக் கினேயோ, கொஞ்சம் பிளாத்தனோ, யௌத்தியா, பூசணி எல்லாவற்றையும் துருவி மாவாக்குகிறார்கள். ஆச்சியோத்தே என்ற செந்நிற விதையைச் சூடாக்கி நிறம் இறக்கிய எண்ணெயை வாழை இலையில் தடவி, மாவைப் பரப்பி, நடுவில் பன்றி இறைச்சி மசாலா, கொண்டைக்கடலை, ஆலிவ் வைத்து மடிக்கிறார்கள். மேலே ஒரு தாள் சுற்றி நூலால் கட்டி, கொதிநீரில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவிடுகிறார்கள். இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டுவதால் அந்தச் சோடிக்கு ‘யுந்தா’ என்று பெயர். ஏர்மாட்டுச் சோடிக்கும் அதே சொல்தான்.

பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்றார்கள். துருவுவது தோழியின் தம்பி. எண்ணெய் தடவுவது பெரியம்மா. நூல் கட்டுவது தாத்தா. வேறு யாரும் நூலைத் தொடக்கூடாது. எனக்கு என்ன வேலை கொடுப்பது என்று அம்மா தயங்கியபோது அடுப்பருகே இலைக்கட்டைப் பார்த்தேன். ஒன்றை எடுத்து அனலில் காட்டி, நிறம் மாறி மினுங்கும் வரை வாட்டி, நரம்பு கிழியாமல் மடித்துக் காட்டினேன். பொதிசோறு கட்டும்போது என் அப்பத்தா சொல்லிக்கொடுத்தது. அம்மா என் கையைப் பிடித்து உயர்த்தி எல்லோருக்கும் காட்டினார். அன்றிலிருந்து ஆண்டுதோறும் அந்த வீட்டில் இலை வாட்டுவது என் வேலை.

இன்னொன்று. பச்சைக் காயை உரித்தால் கையில் கறை ஏறும் அல்லவா? புவெர்ட்டோ ரிக்கோவில் ‘வாழைக்கறை’ என்பதையே தங்கள் மண்ணின் அடையாளமாகச் சொல்கிறார்கள். எங்கே போனாலும் ஒருவரிடம் அந்தக் கறை இருக்கிறது என்றால், பிறந்த ஊர் அவரை விட்டுப் போகவில்லை என்று பொருள். தோழியின் அம்மா ஐம்பது ஆண்டுகளாக நியூயார்க்கில் இருக்கிறார். கையைக் காட்டி அதைத்தான் சொன்னார்.

---

கருப்பட்டி:

நான் நாகர்கோவில். எங்களுக்கு அது நேந்திரன் இல்லை, ஏத்தன். இந்த இழையைப் படித்துவிட்டு நேற்று தோஸ்தோனெஸ், அதாவது தட்டையாக அழுத்தி இருமுறை பொரிக்கும் வாழைக்காய், செய்து பார்த்தேன். அவசரத்தில் மொந்தனில் செய்தேன். முதல் முறை பொரித்து, தட்டையாக அழுத்தியபோது உதிர்ந்துவிட்டது. யாராவது செய்முறையைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

---

தாழ்வாரம்:

பச்சை ஏத்தங்காயை எடுங்கள். தோலில் மஞ்சள் துளியும் இருக்கக்கூடாது. இரு முனையையும் வெட்டி, தோலில் மட்டும் நீளவாக்கில் இரண்டு மூன்று கீறல் போட்டு, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கட்டைவிரலால் நெம்பினால் தோல் பட்டைபட்டையாகக் கழன்று வரும். பிறகு ஒரு அங்குலத் துண்டுகள்.

மிதமான எண்ணெயில் முதல் பொரிப்பு. உள்ளே வெந்தால் போதும், மேலே வெளிர்மஞ்சளாகவே இருக்க வேண்டும். எடுத்த சூட்டிலேயே அழுத்த வேண்டும். ஆறிவிட்டால் மாவுச்சத்து இறுகி விரிசல் விடும். அவர்கள் வீட்டில் இதற்கென்று கீல் வைத்த மரப்பலகை உண்டு, தோஸ்தொனேரா என்று பெயர். தட்டின் அடிப்பாகமும் போதும். அழுத்தியதைப் பூண்டும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஒரு நொடி முக்கி, நன்றாக நீர் வடியவிட்டு, நல்ல சூடான எண்ணெயில் இரண்டாம் முறை பொரியுங்கள். எண்ணெய் தெறிக்கும், சற்றுத் தள்ளி நில்லுங்கள். தட்டில் வைத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும்.

ஹெய்ட்டியில் இதுவே பனன் பெசே, ‘அழுத்திய வாழை’. அதோடு புளிப்புக் காடியில் ஊறிய முட்டைக்கோசும் மிளகாயும் சேர்ந்த பிக்லிஸ் வரும். அந்த மிளகாய் நம் நாக்குக்கும் சவால்தான்.

---

ஏரிக்கரை:

ஸ்கார்பரோவிலிருந்து எழுதுகிறேன். தாழ்வாரம் அக்கா சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். பிளாத்தனோதான் அவர்களுக்குச் சோறு என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. டொமினிக்கன் வீட்டிலும் மதியம் சோறு, அவரை, இறைச்சிதான். ஜமைக்காவில் பழுத்த பிளான்டெயினை (பிளாத்தனோவின் ஆங்கிலப் பெயர்) சாய்வாக நறுக்கிப் பொரித்து, சோற்றின் ஓரத்தில்தான் வைக்கிறார்கள். அங்கே சோற்றின் இடத்தில் நிற்பது யாம், பச்சை வாழைக்காய், அவித்த மாவுருண்டை. அவற்றுக்கு ‘ஹார்ட் ஃபுட்’ என்று பெயர், அதாவது கெட்டிச் சாப்பாடு. தீவுக்குத் தீவு கணக்கு மாறுகிறது.

என்னோடு வேலை செய்யும் கயானாக்காரர் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். பச்சைக் காயை அவித்து, உரலில் இடித்து, பசைபோல உருண்டையாக்குகிறார்கள். ஃபூஃபூ. தேங்காய்ப்பாலில் மரவள்ளி, சேம்பு, பிளான்டெயின், உப்புமீன் எல்லாம் போட்டுக் கொதிக்கவைக்கும் மெத்தம்ஜிக்கும் அதே காய்தான். தேங்காய்ப்பால் கொதிக்கும் வாசனை வந்தவுடன் எனக்கு அம்மம்மாவின் அடுப்படி நினைவுக்கு வந்தது. அந்தக் கயானாக்காரரின் தாயார் பச்சைக் காயை மெல்லியதாகச் சீவி, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கிக் குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவாராம். கொங்கொந்தே என்று பெயர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அதில் வளர்ந்தவர்கள்.

---

கருப்பட்டி:

ஏரிக்கரை அண்ணா, அந்த மாவு எங்கள் ஊரிலும் உண்டு! ஏத்தங்காயைக் காயவைத்துப் பொடித்துக் கைக்குழந்தைக்குக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சுவோம். நானும் அதில் வளர்ந்தவள்தான்.

ஏத்தங்காயில் மறுபடி செய்தேன். உதிரவில்லை. என் மகன் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தான்.

---

ஈசானமூலை:

மங்கூ பற்றி யாரும் சொல்லவில்லையே. 1916 முதல் 1924 வரை அமெரிக்கப் படை டொமினிக்கன் குடியரசை ஆண்டபோது, மசித்த வாழைக்காயைத் தின்ற சிப்பாய் ஒருவன் ஆங்கிலத்தில் ‘மேன், குட்’ என்று வியந்தானாம். அதுவே மங்கூ ஆனதாம்.

---

பழஞ்சுவடி:

ஈசானமூலை ஐயா, அந்தக் கதையை டொமினிக்கன் மக்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். ஆனால் அதை வரலாறாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவித்ததை மசித்து, இடித்து உருட்டி உண்ணும் முறை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் நடு ஆப்பிரிக்காவிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் கையோடு வந்தது. கியூபாவில் மசித்த பிளாத்தனோவின் பெயரே ஃபுஃபூ. புவெர்ட்டோ ரிக்கோவில் பொரித்த பச்சைக் காயைப் பூண்டும் பன்றித்தோல் பொரியலும் சேர்த்து மர உரலில் இடித்தால் மொஃபோங்கோ. அந்த இசையைக் கேட்டாலே எந்தக் கண்டத்துச் சொற்கள் என்று தெரியும். ஒரு சிப்பாயின் வியப்புக்கு இந்த உணவைத் தாரைவார்ப்பது, நூற்றாண்டுகளாக அதை இடித்த கைகளை மறைத்துவிடுகிறது.

வாழை கரீபியன் மண்ணில் பிறந்ததன்று. தென்கிழக்கு ஆசியப் பகுதியில் தோன்றி ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே பல்கிப் பெருகியது. 1516இல் தோமாஸ் தெ பெர்லாங்கா என்ற துறவி கானரித் தீவுகளிலிருந்து கன்றுகளை ஹிஸ்பானியோலாவுக்கு (இன்று ஹெய்ட்டியும் டொமினிக்கன் குடியரசும் உள்ள தீவு) கொண்டுவந்ததாக அக்கால எழுத்தாளர் ஓவியேதோ பதிவு செய்கிறார். வந்து இறங்கிய ஆப்பிரிக்கர்களுக்கு அதை எப்படிச் சமைப்பது என்று யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் அறிந்த மரம் அவர்களுக்கு முன்னால் நின்றது.

ஜமைக்கா போன்ற கரும்புத் தீவுகளில் தோட்ட முதலாளிகள் நல்ல நிலம் முழுவதையும் கரும்புக்கு எடுத்துக்கொண்டு, மலைச்சரிவையும் மேட்டு நிலத்தையும் அடிமைகளுக்கு விட்டார்கள். உங்கள் உணவை நீங்களே விளைவித்துக்கொள்ளுங்கள் என்ற சிக்கனம் அது. அந்தத் துண்டு நிலத்தில் வாழையும் யாமும் நின்றன. மிஞ்சியதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். உடலே தன்னுடையதாக இல்லாத ஒருவருக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு வாழைக்குலை இருந்தது. ஆங்கிலம் பேசும் தீவுகளில் இந்தக் காய்கிழங்குகளை ‘ப்ரொவிஷன்’ என்று அழைப்பது அந்த நிலத்தின் பெயரோடு ஒட்டியது. தாழ்வாரம் சொன்ன ‘வாழவைப்பது’ என்ற பொருளை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் படிக்கிறேன்.

கன்று வைத்துக் கன்று பெருகும் பயிர் இது. விதை இல்லை. ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாருக்குக் கன்று கொடுத்துத்தான் பரவ முடியும். வாழையடி வாழை என்று நாம் வாழ்த்துகிறோம். அங்கே அது நேரடியாகவே நடந்திருக்கிறது.

---

ஈசானமூலை:

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. கேட்டதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

---

தாழ்வாரம்:

பழஞ்சுவடி ஐயா இடிப்பதைச் சொன்னதும் இதை எழுதத் தோன்றுகிறது. ப்ராங்க்ஸில் கரிஃபூனா மக்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆப்பிரிக்கரும் கரீபியன் தீவின் பழங்குடியினரும் கலந்து உருவான இனம். 1797இல் பிரித்தானியர் அவர்களைச் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து கப்பலேற்றி ஹோண்டுராஸுக்கு அப்பால் உள்ள ரோவத்தான் தீவில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பெலீஸ் வரை கரையோரமாகப் பரவினார்கள். அவர்களின் உணவு ஹுதுத்.

பச்சைப் பிளாத்தனோவோடு ஒன்றிரண்டு செங்காயையும் சேர்த்து அவித்து, இடுப்பளவு மர உரலில் பெண்கள் நின்றபடி இடிக்கிறார்கள். ஒட்டாமலிருக்க உலக்கையை நடுநடுவே தண்ணீரில் நனைத்துக்கொள்கிறார்கள். உருண்டையாக்கி, தேங்காய்ப்பாலில் மீன் போட்டுக் காய்ச்சிய செரேயோடு வைக்கிறார்கள். கையால் பிய்த்துக் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் முறை. நான் களி தின்று வளர்ந்தவள். எப்படிச் சாப்பிடுவது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

---

நந்தவனம்:

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

---

தாழ்வாரம்:

பச்சையைவிடக் கறுத்ததில் சர்க்கரை மிக அதிகம். பொரிப்பதைவிட அவிப்பது நல்லது. பச்சையிலும் மாவுச்சத்து நிறைய உண்டு, ஆகவே சோற்றோடு சேர்த்து உண்ணாமல் சோற்றுக்குப் பதிலாகக் கணக்கில் வையுங்கள். அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

சேன் நதி:

பாரிஸிலிருந்து. லா ஷப்பேல் பகுதியில் நம்மவர் கடை வாசலில் பிளான்டெயின் பெட்டி அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வாங்க வருபவர்களில் ஆப்பிரிக்கரும் மார்த்தினிக், குவாதலூப் தீவுக்காரர்களும் உண்டு. மார்த்தினிக்கில் அதற்குப் பெயர் ‘பனான் ஜோன்’, மஞ்சள் வாழை.

அந்தத் தீவுகளோடு நமக்கு உள்ள உறவையும் சொல்லவேண்டும். 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். மொழி போய்விட்டது. குழம்பு ‘கொலம்போ’ என்ற பெயரில் தீவு முழுவதற்கும் பொது உணவாகிவிட்டது. குவாதலூப்பில் மாலியேமின் என்று அவர்கள் அழைக்கும் மாரியம்மன் கோயில் வழிபாட்டுக்குப் பிறகு ஆட்டுக் கொலம்போவும் சோறும் வாழை இலையில் பரிமாறப்படுகின்றன. என் அலுவலகத்தில் குவாதலூப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் யாருக்கும் ஒரு தமிழ் வாக்கியம் தெரியாது. இலை போடுவதை மட்டும் விடவில்லை.

---

மண்வெட்டி:

குடும்ப உணவு என்று பேசும்போது புயலையும் சேர்த்துப் பேசவேண்டும். வாழையின் தண்டு மரம் அன்று, மட்டைகள் ஒன்றைச் சுற்றி ஒன்று உருண்டது. காற்றுக்கு முதலில் சாய்வது அதுதான். கஜாவின்போது நம் டெல்டாவில் பார்த்தோம். 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புவெர்ட்டோ ரிக்கோவைக் கடந்தது. தீவின் பயிர் மதிப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு போய்விட்டது என்று அப்போதைய வேளாண் செயலர் சொன்னார். பிளாத்தனோ தோட்டங்கள் தரையோடு படுத்தன. கன்று வைத்துக் குலை வெட்ட ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடிக்கும்.

---

தாழ்வாரம்:

ஆம், அந்த டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோழியின் அம்மா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பஸ்தெலெஸ் செய்யச் சொன்னார். உறையவைத்து, பெட்டியில் அடுக்கி, விமானத்தில் போகும் உறவினர் கையில் ஊருக்கே கொடுத்தனுப்பினார். எப்போதும் ஊரிலிருந்து வரும் பொருள் அந்த ஆண்டு மட்டும் எதிர்த்திசையில் போனது. நூல் கட்டும்போது தாத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

---

வடக்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பாட்டியையும் பேத்தியையும் அழைத்து மங்கூ செய்தேன். உப்புப் போட்டு அவித்து, வெண்ணெய் சேர்த்து, அவித்த சுடுநீரையே ஊற்றி மசித்தேன். பாட்டி என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். குழாயில் குளிர்ந்த தண்ணீர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மசித்தார். அப்படிச் செய்தால் ஆறிய பிறகும் கட்டியாகாதாம். சிவப்பு வெங்காயத்தை வளையமாக நறுக்கி, காடியும் உப்பும் விட்டு வதக்கி மேலே போட்டார். பொரித்த பாலாடைக்கட்டி, பொரித்த சலாமி, முட்டை மூன்றையும் சேர்த்தால் ‘மூன்று அடிகள்’ என்று பெயராம். நான் சலாமி சாப்பிடாததால் இரண்டு அடிதான்.

சாப்பிட்டு முடித்ததும் அவரிடம் கேட்டேன்: ஊரில் காலையில் இதை யார் செய்வார்கள்? அம்மா செய்ததாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தன் அப்பா என்றார். விடியுமுன் வயலுக்குக் கிளம்ப வேண்டும், அதற்கு முன்னால் பிள்ளைகளுக்கு அவித்து வைத்துவிட்டுப் போவாராம். பேத்திக்கும் அது அன்றுதான் தெரிந்திருக்கிறது. அவள் ஸ்பானிஷில் மேலும் மேலும் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் பாத்திரங்களை எடுத்துவைத்தேன்.

மீதி இருந்த இரண்டு காய்கள் மஞ்சளாகிவிட்டன. அவற்றை எடுத்துக் கறி செய்யப் போனபோது பாட்டி தடுத்துவிட்டார். முழுதும் கறுக்கும் வரை தொடக்கூடாதாம், பிறகு மதுரோஸ், அதாவது கறுத்துப் பழுத்ததன் இனிப்புப் பொரியல், செய்யத் தானே வருவதாகச் சொன்னார். இன்றோடு ஐந்து நாள். ஓரங்களில் மட்டும் கறுப்பு இறங்கியிருக்கிறது.